முதலில் தண்ணிக்கு வழி விடுங்கோ

நான் இதுவரை நட்ட கண்டல் கன்றுகள் மொத்தம் பதினாலு. எல்லாமே ஒரே காலையில், தேவன்பிட்டிப் பக்கக் கரையில் நட்டவை. அப்ப நான் தரம் 10. பள்ளிக்கூடத்தால் எங்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வெள்ளை ரீசேட், தொப்பி, பிஸ்கட் பக்கற், ஆளுக்கொரு சோடா. சேற்றுக்குள் இறங்கி, கயிறு பிடித்துக் காட்டிய வரிசையில் கன்றை ஊன்றி, பக்கத்தில் ஒரு தடியை நட்டுக் கட்டிவிட்டு, பதாகையைப் பிடித்தபடி படம் எடுத்தோம். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலோடு எல்லாம் முடிஞ்சுது.

அடுத்த வருசம் சித்தப்பாவோடு அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். என்ர பதினாலில் ஒன்றும் இல்லை. மற்றப் பிள்ளைகளுடையதும் இல்லை. தடிகள் மட்டும் வரிசையாய் நின்றன. "தடி நல்லா வந்திருக்குப் பிள்ளை" என்று சித்தப்பா பகிடி விட்டார். அவர் அந்தக் கரையில் சின்ன வயசிலிருந்து வலை போடுகிறவர். பிறகுதான் சொன்னார்: "அதில மாரிக்கு ஏறுற தண்ணி திரும்பிப் போறேல்ல. பங்குனி சித்திரையில உப்புப் பூக்கிற தரை. அதில என்னெண்டு கன்று வரும்?"

"அப்ப ஏன் சித்தப்பா அண்டைக்கே சொல்லேல்ல?"

"ஆர் கேட்டது?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்துதான் வருகிறது. எங்கட கரையில் இயற்கையை மீட்கிறோம் என்று நடக்கிற வேலைகளில் பெரும்பாலும் கன்று இருக்கிறது, படம் இருக்கிறது, தண்ணியைப் பற்றிய பேச்சு இல்லை. தண்ணி எங்கால வருகிறது, எங்கால போகிறது, எது அதை மறிக்கிறது என்று பார்க்காமல் நடுகிற கன்று, செத்த கன்றுதான். இது என்ர கருத்து மட்டுமில்லை. கணக்கும் இருக்கிறது.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையோரம் முழுக்கக் கண்டல் நடுகை ஒரு அலை மாதிரி வந்தது. அரச திணைக்களங்கள், தொண்டு நிறுவனங்கள், கம்பனிகள் எல்லாரும் நட்டார்கள். அந்த நடுகைகள் என்னவாயின என்று ருகுணைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து போய்ப் பார்த்தார்கள். 2017இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, 23 இடங்களில் மொத்தம் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நடுகை நடந்திருக்கிறது. அதில் உருப்பட்டது 200 முதல் 220 ஹெக்டேயர். அதாவது, ஐந்தில் ஒரு பங்கு. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் கன்றுகள் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. மூன்றும் வடக்கில் இல்லை.

ஏன் செத்தன? ஆய்வு சொல்கிற காரணங்கள் சித்தப்பா சொன்னதுக்குக் கிட்டத்தான். தரையின் உயரம் பிழை, மண் பிழை, மாடு மேய்ந்தது, பாசி மூடியது. எல்லாத்துக்கும் மேலாக, நட்ட பிறகு ஆரும் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. பராமரிப்பு நடந்த இடங்களில்தான் கன்று பிழைத்திருக்கிறது.

எங்கட இடத்தின் நிலைமையையும் சொல்ல வேணும். வெள்ளாங்குளம் மன்னார் மாவட்டத்தின் வடக்கு அந்தத்தில், ஏ32 வீதியில் இருக்கிறது. கொஞ்சம் வடக்கே போனால் கிளிநொச்சி மாவட்டம். கிழக்கே போகிற வீதி துணுக்காய்க்கு. மேற்கே பாக்கு நீரிணைக் கடல். தெற்கே பாலியாறு. நாட்டிலேயே வறண்ட பகுதிகளில் இதுவும் ஒன்று. ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் பெய்கிற மழைதான் வருசம் முழுக்கக் காணவேணும். மழைக்கு ஆறு வரும், வான் பாயும், கடல் கலங்கும். பிறகு எட்டு மாசம் வெயில். தண்ணி ஓடாத பள்ளங்களில் கடல்நீர் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறிக்கொண்டே போகும். கடல்தண்ணியை விட உப்புக் கூடின தரையில் கண்டலுக்கும் மூச்சு முட்டும். இந்தக் கரையில் தானாக வளர்வது பெரும்பாலும் கண்ணா மரம். அது உப்பைத் தாங்கும். நடுகைகளில் கொண்டுவந்து ஊன்றுவது பெரும்பாலும் நீளக்காய்க் கண்டல். ஏனென்றால் அந்தக் காயைப் பொறுக்குவது சுகம், கையில் பிடிச்சு ஊன்றுவது சுகம், படத்திலும் வடிவாய் இருக்கும்.

இதே பிரச்சினை கடலுக்கு அந்தப் பக்கமும் இருந்தது. தமிழ்நாட்டில் பிச்சாவரம், முத்துப்பேட்டைக் கண்டல் காடுகளை அங்கே அலையாத்திக் காடு என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தக் காடுகளைப் பகுதி பகுதியாக மொட்டையாய் வெட்டினார்கள். வெட்டின இடம் வெயில் பட்டுக் காய்ந்து, மண் இறுகி, நடுவில் தொட்டி மாதிரிப் பள்ளமானது. பெருக்குக்கு உள்ளே வந்த தண்ணி வத்துக்கு வெளியே போகவில்லை. உப்பு ஏறியது. வெட்டுறதை நிப்பாட்டின பிறகும் மரம் திரும்பி வரவில்லை. ஊர்ச்சனம் விறகு வெட்டினதாலும் மாடு மேய்ச்சதாலும்தான் காடு அழிஞ்சது என்று கனகாலம் பழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து செய்த வேலை வேறு மாதிரி. முதலில் வாய்க்கால் வெட்டினார்கள். கழிமுகத்து ஓடையிலிருந்து நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சரிவாய்ப் பிரிகிற சின்ன வாய்க்கால்கள். மேலே நின்று பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். பெருக்கும் வத்தும் திரும்ப ஓடத் தொடங்கியது. உப்புக் குறைந்தது. அதுக்குப் பிறகுதான் வாய்க்கால் ஓரம் கன்று வைத்தார்கள். வருசா வருசம் வாய்க்காலைத் தூர் எடுக்கிற வேலை ஊர்க்குழுக்களிடம் இருந்தது. காடு வந்தது. பழி சொல்லப்பட்ட அதே சனம்தான் காப்பாற்றினது.

இனி மீனுக்கு வருவோம். "கண்டல் செத்தா என்ன, சோறா போடுது?" என்று கேட்கிற ஆட்கள் எங்கட வீட்டிலேயே இருக்கிறார்கள். உண்மையில் சோறு போடுவது அதுதான்.

கடையில் போய் "ஒரு சமன் ரின் தாங்கோ" என்று கேட்டு வாங்குவோம் தானே. உள்ளே இருப்பது பெரும்பாலும் சமன் மீன் இல்லை, வேறு சாதி. உண்மையான சமன் குளிர்நாட்டு ஆறுகளில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஓடையை மணம் பிடித்துத் தேடி வருகிற மீன். ஆற்றில் அணை கட்டினால் அது அணைக்குக் கீழேயே நின்றுவிடும். அமெரிக்காவில் கிளமத் என்று ஒரு ஆறு. யூரோக், கரூக் முதலான பழங்குடிகள் அந்த மீனை நம்பி வாழ்ந்தவர்கள். 2002இல் ஆற்றில் தண்ணி குறைந்து சூடேறி, ஏறி வந்த சமன் மீன்கள் பல்லாயிரக்கணக்கில் செத்து மிதந்தன. அந்தச் சனம் அதுக்குப் பிறகு இருபது வருசம் கூட்டம், வழக்கு, ஊர்வலம் என்று விடாமல் நின்றது. கடைசியில் நாலு அணைகளை உடைத்தார்கள். 2024 ஒக்டோபரில் வேலை முடிந்தது. அதே மாசம், 1912க்குப் பிறகு முதல் தடவையாக, அணைகள் இருந்த இடத்தைத் தாண்டி மேலே சமன் மீன் கண்டார்கள். ஆரும் பிடித்துக்கொண்டு போய் அங்கே விடவில்லை. வழி திறந்தது, மீன் போனது.

எங்கட ஆற்றில் சமன் இல்லை. ஆனால் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே போய்வருகிற உயிர்கள் இருக்கின்றன. விலாங்கு சமனுக்கு நேர்மாறு. ஆழ்கடலில் பிறக்கும், கண்ணாடி மாதிரி உடம்போடு கரைக்கு வரும், மாரித் தண்ணியைப் பிடித்து ஆற்றில் ஏறிக் குளங்களில் வருசக்கணக்காய் வளரும், முட்டையிடத் திரும்பக் கடலுக்குப் போய் அங்கேயே சாகும். கொடுவாய் முகத்துவாரப் பக்கம் முட்டையிடும், குஞ்சுகள் கண்டல் வேருக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் வந்து வளரும். இறால் கடலில் பொரித்து, குஞ்சாய்க் களப்புக்குள் வந்து, வளர்ந்து திரும்பக் கடலுக்குப் போகும். சித்தப்பாவின் வலையில் விழுகிற இறாலில் கனக்க, ஒருகாலத்தில் கண்ணா வேருக்குள் ஒளிச்சிருந்ததுதான். வேர் இல்லையென்றால் குஞ்சு இல்லை. ஆற்றுத்தண்ணி வராவிட்டால் வேரும் இல்லை.

வழியை மறித்தால் என்ன நடக்கும் என்பதுக்கும் தமிழ்மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது. காவிரியில் முந்தி உள்ளம் மீன் கடலிலிருந்து ஏறி வரும். வங்காளிகள் உயிராய் நேசிக்கிற ஹில்சா அதுதான். கொள்ளிடத்தில் கட்டின கீழணை முதல் தடை. 1934இல் மேட்டூர் அணை முடிந்த பிறகு வெள்ளத்தின் வரத்தே மாறிப்போச்சு. காவிரி உள்ளம் இப்ப பழைய மீன்வள அறிக்கைகளில் மட்டும் ஏறுகிற மீன்.

இதெல்லாம் ஏன் இப்ப கதைக்க வேணும்? மூன்று காரணம்.

முதலாவது, இன்னும் கனக்க நடப்போகிறார்கள். 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபை இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை உலகின் ஏழு முன்மாதிரித் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. 2030க்குள் 10,000 ஹெக்டேயர் கண்டலை மீட்பது இலக்கு. பழைய பிழைகளைப் படித்து, அறிவியல் முறையில் செய்வோம் என்பதுதான் அந்தத் திட்டத்தின் வாக்கு. நல்ல வாக்கு. அது வெள்ளாங்குளம் வரும்போது கன்றுப் பெட்டியாகவும் ரீசேட்டாகவும் மாறாமல் பார்ப்பது எங்கட பொறுப்பு.

இரண்டாவது, எங்களுக்குத் தெற்கே விடத்தல்தீவு. 2016இல் 29,180 ஹெக்டேயர் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடம். கண்டல், கடற்புல், களப்பு எல்லாம் அதுக்குள் இருக்கின்றன. 2024இல் அதில் ஒரு துண்டை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக ஒதுக்கிடத்திலிருந்து விலக்க வர்த்தமானி வந்தது. சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கின. ஒரு பக்கம் 10,000 ஹெக்டேயர் நடுவோம் என்கிறோம், மற்றப் பக்கம் நிற்கிற காட்டை விலக்குகிறோம். நிற்கிற ஒரு கண்ணாவைக் காப்பாற்றுவது நூறு கன்று நடுவதை விட மலிவு.

மூன்றாவதுதான் எங்களுக்கு மிகக் கிட்ட: பாலியாறு. வவுனிக்குளம் ஏற்கெனவே அந்த ஆற்றின் குறுக்கேதான் நிற்கிறது. மாரிக்கு வான் பாய்ந்து வருகிற தண்ணியும் கீழ்ப்பக்கக் காட்டு வெள்ளமும்தான் ஆற்றுவாயை உயிரோடு வைத்திருக்கின்றன. பாலியாற்று நீரைக் குடிநீருக்கு எடுக்கும் திட்டத்துக்கு 2024ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்குவதாக அறிவித்தார்கள்.

இதில் நான் வடிவாய்ச் சொல்லிவிட வேணும்: நான் அந்தத் திட்டத்துக்கு எதிரி இல்லை. உவர்க்கிணற்றுத் தண்ணியைக் குடிக்கிற பூநகரிச் சனத்துக்கும், நைத்திரேற்றுக் கலந்த கிணறுகளோடு வாழும் யாழ்ப்பாணத்துச் சனத்துக்கும் நல்ல தண்ணி வேணும். குடத்தோடு பவுசருக்குக் காத்து நிற்பது என்னவென்று எங்களுக்கும் தெரியும். ஆனால் இப்படியான ஒவ்வொரு திட்டத்தோடும் ஒரு வசனம் சேர்ந்து வரும்: "கடலுக்கு வீணாய்ப் போகிற தண்ணி." அந்த வசனத்தோடுதான் எனக்குச் சண்டை. கடலுக்குப் போகிற தண்ணி வீணாய்ப் போகவில்லை. அது ஆற்றுவாயைத் திறக்கிறது, உப்பைக் கழுவுகிறது, வண்டலைக் கொண்டுவருகிறது, இறால் குஞ்சை உள்ளே கூப்பிடுகிறது. தேவன்பிட்டிக்காரன் அந்தத் தண்ணியை வலையால் அள்ளுகிறான், அவ்வளவுதான் வித்தியாசம். வயலுக்கு ஒரு பங்கு, குடிக்க ஒரு பங்கு என்று பிரிக்கிறபோது, ஆற்றுவாய்க்கும் ஒரு பங்கு எழுத்தில் இருக்க வேணும். அணையோ தடுப்போ கட்டுவதென்றால் விலாங்கு ஏற ஒரு சரிவும் வரைபடத்திலேயே இருக்க வேணும். விலாங்குக்குப் பெரிய ஏணி தேவையில்லை. நனைந்த, கரடுமுரடான சரிவு போதும், அது ஊர்ந்து ஏறிவிடும். கட்டி முடித்த பிறகு கேட்டால் அதுக்கு ஒரு தனித்திட்டம் வேணும் என்பார்கள். இப்ப கேட்டால் கொஞ்சச் சீமெந்தும் கல்லும்தான்.

"போரால் எல்லாத்தையும் இழந்து வந்த சனம், வீடும் வேலையும் கேட்கட்டும், நீ விலாங்குக்குச் சரிவு கேட்கிறாயோ?" என்று என்னிடம் கேட்ட நண்பன் ஒருவன் இருக்கிறான். நியாயமான கேள்வி. 2008இல் இந்த ஊர் முழுக்க வெறுமையானது. நாங்கள் 2010இல் திரும்பி வந்தபோது வீட்டுக்கு அத்திவாரம் மட்டும் மிச்சம். ஆனால் திரும்பி வந்து முதல் வருசம் எங்கட வீட்டில் அடுப்பு எரிந்தது எதால்? நிவாரண அரிசியும், களப்பில் சித்தப்பா கைவலையால் பிடித்த இறாலும் நண்டும்தான். வள்ளமும் இயந்திரமும் வாங்கக் காசில்லாத ஆளுக்குக் கரையோரக் களப்புத்தான் வேலை. பெரிய வள்ளம் உள்ளவன் ஆழத்துக்குப் போவான். களப்புச் செத்தால் முதலில் பட்டினி கிடப்பது இல்லாதவன்தான்.

இன்னொன்று. இழுவைமடிக்கு எதிராக எங்கட கடற்றொழிலாளர்கள் கனகாலம் போராடினார்கள். 2017இல் இலங்கை அதைச் சட்டத்தால் தடை செய்தது. எல்லை தாண்டி வருகிற மடிகளுக்கு எதிராக இன்னும் கத்துகிறோம், கத்தவும் வேணும். ஆனால் கடலின் அடியைச் சுரண்டுகிறவனைப் பேசுகிற நாங்கள், கரைக்குப் பாதை போடும்போது மதகு வைக்காமல் மண்ணைக் கொட்டி ஓடையை மறிக்கிறதைப் பேசுவதில்லை. குஞ்சு வளர்கிற இடத்தை நாங்களே அடைத்தால், பிறகு ஆழத்தில் ஆரைக் குறை சொல்லி என்ன?

அப்ப என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்த நாலு விசயம்.

நடமுதல் கேளுங்கோ. ஒவ்வொரு கரையிலும் இரண்டு மூன்று வயசான தொழிலாளிகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாலே, எங்கே தண்ணி ஏறுது, எங்கே தேங்குது, முந்தி எங்கே காடு இருந்தது என்று ஒரு நாளில் வரைபடம் கீறலாம்.

அடைபட்ட ஓடையைத் திறவுங்கோ. மண் மூடிய மதகைத் துப்புரவாக்குவது, மதகில்லாப் பாதைக்கு மதகு கேட்பது, தேவையான இடத்தில் வாய்க்கால் வெட்டுவது. தாய்மரம் பக்கத்தில் நின்று தண்ணியும் ஓடினால், கன்று தானாகவே வரும். வராத இடத்தில் மட்டும் நடலாம். ஆனால் பாதுகாக்கப்பட்ட இடங்களில் எங்கட பாட்டுக்கு வெட்ட முடியாது. திணைக்களத்தின் அனுமதியோடுதான் செய்ய வேணும்.

நடுகைப் படத்தோடு மூன்றாம் வருசக் கணக்கையும் கேளுங்கோ. எத்தனை கன்று வைத்தீர்கள் என்பதில்லை, எத்தனை நிற்கிறது என்று. காசு கொடுக்கிறவர்கள் இதை ஒரு நிபந்தனையாய் வைத்தாலே பாதி நடுகை ஒழுங்காகிவிடும்.

நாலாவது, பாலியாற்றுத் திட்டம் பற்றிப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் கதைக்கும்போது கடற்றொழிலாளர் சங்கமும் மேசையில் இருக்க வேணும். கமக்கார அமைப்புக்கு எவ்வளவு குரலோ, அதே அளவு. இந்த நாலுக்கும் முதல் நாங்கள் இளம் ஆட்கள் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று இருக்கிறது: ஆற்றுவாயில் அளவு குறித்த ஒரு தடியை நட்டு, மாசம் ஒருக்கா ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து, திகதி போட்டு வைப்பது. கூட்டத்தில் எங்களிடம் அதுதான் சாட்சி.

போன மாசம் சித்தப்பாவை முற்றத்தில் இருத்தி, பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் கரையைக் கீறச் சொன்னேன். அவர் கீறினார். நாங்கள் பதினாலு பதினாலாய் நட்ட இடத்துக்கு ஒரு பெரிய புள்ளடி. அதுக்குக் கொஞ்சம் வடக்கே, பாதைக்குக் குறுக்கே போகிற ஒரு குழாய். பாதி மண் மூடிக் கிடக்குது. ஆனால் அந்தப் பாதி வழியால் வருகிற தண்ணிக்கே, குழாய்க்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குக் கண்ணாக் கன்றுகள் நிற்கின்றன. போய் எண்ணிப் பார்த்தேன், நாற்பதுக்கு மேல். அதை ஆரும் நடவில்லை.

மாரிக்கு முதல் அந்தக் குழாயின் மற்றப் பாதியையும் எடுக்க வேணும். கிராம அலுவலருக்கும் சங்கத்துக்கும் சொல்லி, அனுமதிக்கும் எழுதிக் குடுத்திருக்கிறம். கிடைச்சவுடனே வேலை. வரக்கூடிய ஆட்கள் மண்வெட்டியும் தண்ணிப் போத்தலும் கொண்டு வாங்கோ. ரீசேட் தரமாட்டம்.